நான்கு கோடி இலக்கப் பகா எண்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பகா எண்களைப் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே எண்ணைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த எண்ணுக்கே ஒதுக்கியிருக்கிறோம். குறிப்பைப் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம்: 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பதே அந்த எண். தன்னாலும் 1ஆலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. 2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் இதைக் கண்டறிந்தார். இப்போது நாம் அறிந்துள்ள பகா எண்களில் இதுவே மிகப் பெரியது. கீழே உள்ள பதில்களில் இதை ‘நம் எண்’ என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அந்த எண்ணை முழுவதுமாக எழுதினால் எவ்வளவு நீளம் வரும்? (ஒரு வாசகர், பாம்பன்)

நம் எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. ஓர் இலக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இடம் விட்டு ஒரே வரிசையில் எழுதினால் வரி ஏறத்தாழ 205 கிலோமீட்டர் நீளும். உங்கள் ஊர் ரயில் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நூறு முறை எழுதிக்கொண்டு போனால்தான் எண் முடியும். ஆனால் நீளம் இந்த எண்ணின் சிறப்பு அன்று. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து கோடிச் சுழியங்களைப் போட்டால் இதைவிடப் பெரிய எண் நொடியில் கிடைத்துவிடும். இத்தனை பெரிய எண் பகா எண்தான் என்று ஐயமற அறிய முடிந்ததே வியப்புக்குரியது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்த எண்ணையும் அப்படித்தான் வகுத்துப் பார்த்தார்களா? (ஒரு மாணவி, கீழக்கரை)

இல்லை, அம்மா. அப்படிச் செய்யவே முடியாது. நம் எண்ணின் வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. அதுவரையுள்ள பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுக்கத் தொடங்கினால், உலகிலுள்ள எல்லாக் கணினிகளையும் சேர்த்து ஓட்டினாலும் அந்த வேலை முடியாது. நீ கற்ற வழி சரியானதுதான் என்றாலும், அது எந்த எண்ணுக்கும் பொருந்தும் பொது வழி என்பதால், குறிப்பிட்ட ஓர் எண்ணின் அமைப்பு தரும் உதவியை அது பயன்படுத்திக்கொள்வதில்லை. நம் எண்ணுக்கோ அமைப்புதான் எல்லாமே.

ஓர் எண்ணுக்கு முந்தைய எண்ணின் காரணிகளோ அடுத்த எண்ணின் காரணிகளோ முழுமையாகத் தெரிந்துவிட்டால், நடுவில் இருக்கும் எண் பகா எண்ணா இல்லையா என்று முடிவுசெய்ய வழி பிறக்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்ட் லூக்காஸ் இதை உணர்ந்து பயன்படுத்தினார். நம் எண்ணோடு 1ஐக் கூட்டிப் பார். வருவது இரண்டை மட்டுமே காரணியாகக் கொண்ட எண். இதைவிட முழுமையாக ஓர் எண்ணின் காரணிகளை அறிய முடியாது. 1876இல் லூக்காஸ் இந்த வழியில் 2¹²⁷ − 1 என்னும் 39 இலக்க எண் பகா எண் என்று நிறுவினார். 1951 வரை அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியதாக இருந்தது. பின்னர், 1930ஐ ஒட்டி, டெரிக் ஹென்றி லேமர் இந்தச் சோதனையை மிக எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் இன்று இதற்கு லூக்காஸ்–லேமர் சோதனை என்று பெயர்.

சோதனையை 2⁷ − 1, அதாவது 127 என்ற எண்ணைக் கொண்டு நீயே செய்து பார்க்கலாம். 4இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, வருவதை 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு 7 என்பதால், அதைவிட இரண்டு குறைவாக, ஐந்து படிகள். முதல் படியில் 4இன் வர்க்கம் 16, அதில் 2 போக 14. இரண்டாம் படியில் 196இல் 2 போக 194, அதை 127ஆல் வகுத்தால் மீதி 67. மூன்றாம் படியில் 4489இல் 2 போக 4487, மீதி 42. நான்காம் படியில் 1762, மீதி 111. ஐந்தாம் படியில் 111இன் வர்க்கமான 12321இல் 2 போக 12319, அது 127ஐப் போலச் சரியாக 97 மடங்கு. மீதி சுழியம். கடைசிப் படியில் சுழியம் வந்தால் அந்த எண் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. அடுக்கு 2ஐத் தவிர்த்த வேறு எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் இந்தத் தேற்றம் இரு திசையிலும் முழுமையாக நிறுவப்பட்டது.

உன் பாடநூலில் மட்டு எண்கணிதம் என்ற பகுதி இருக்கிறது அல்லவா? மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குச் செய்யும் அந்த முறையே இங்கும் நடக்கிறது. நம் எண்ணுக்கு இதே போல் 13,62,79,839 படிகள் போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் நான்கு கோடி இலக்கங்கள் வரை உள்ள ஓர் எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். வர்க்கப்படுத்துவதற்கு விரைவுப் பெருக்கல் முறைகள் உண்டு. வகுத்தலோ இன்னும் எளிது, அதற்கும் எண்ணின் அமைப்பே காரணம். 4487ஐ 127ஆல் வகுப்பதற்குப் பதிலாக 128ஆல் வகுத்துப் பார். ஈவு 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42, நமக்கு வேண்டிய மீதி அதுதான். 128 என்பது இரண்டின் அடுக்கு என்பதால், எல்லாவற்றையும் இருநிலை எண்முறையில் வைத்திருக்கும் கணினிக்கு இந்த வகுத்தல் ஒரு வகுத்தலே அன்று: எண்ணை ஓரிடத்தில் இரண்டாக வெட்டி, வெட்டிய துண்டுகளைக் கூட்டிவிட்டால் போதும்.

எல்லா அடுக்குகளையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா என்று நீ அடுத்துக் கேட்கக்கூடும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் சோதனையே தேவையில்லை. எடுத்துக்காட்டாக, 2¹⁵ − 1 என்பது 2³ − 1ஆலும் 2⁵ − 1ஆலும், அதாவது 7ஆலும் 31ஆலும் தவறாமல் வகுபடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண், இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

கேள்வி: கணினியின் துணையின்றி, தாளும் பேனாவும் கொண்டு இந்த எண்ணைப் பற்றி வகுப்பில் எதையெல்லாம் நிறுவிக் காட்டலாம்? (ஒரு கணித ஆசிரியர், மண்டபம்)

நிறையவே நிறுவலாம். இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதிப் பார்க்கவே இயலாத ஓர் எண்ணின் இயல்புகளை ஒரு கரும்பலகைக்குள் நிறுவிக் காட்டுவதைப் போல மாணவர்களுக்குக் கணிதத்தின் வலிமையை உணர்த்தும் பாடம் வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசி இலக்கத்தில் தொடங்குங்கள். இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுழலும். 13,62,79,841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அந்த அடுக்கு 2இல் முடியும், 1ஐக் கழித்த நம் எண் 1இல் முடியும். கடைசி இரண்டு இலக்கங்கள் வேண்டுமானால், அவை 2²இலிருந்து தொடங்கி இருபது அடுக்குகளுக்கு ஒரு முறை திரும்பி வருகின்றன என்பதைக் காட்டுங்கள். நம் அடுக்கை 20ஆல் வகுத்தாலும் மீதி 1. அதே மீதியைத் தரும் 2²¹ = 20,97,152 என்பது 52இல் முடிகிறது. ஆகவே நம் எண் 51இல் முடிகிறது. முதல் இலக்கம் 8 என்பதையும் மடக்கை அட்டவணையைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு 2இன் மடக்கையைப் பத்துத் தசம இடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மீதிகளும் கைக்கு எட்டியவையே. அடுக்கு ஒற்றை எண் என்பதால் நம் எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி 1. அதிலிருந்து உடனே ஒன்று தெரிகிறது: நம் எண்ணோடு 2ஐக் கூட்டினால் வருவது 3ஆல் வகுபடும். ஆகவே 11, 13 போலவோ 17, 19 போலவோ நம் எண்ணுக்கு மேற்பக்கத்தில் ஓர் இரட்டைப் பகா எண் துணை கிடையாது. 8ஆல் வகுத்தால் மீதி 7, ஏனென்றால் இருநிலை எண்முறையில் நம் எண் முழுவதும் ஒன்றுகளால் ஆனது. 13 கோடிக்கும் மேற்பட்ட ஒன்றுகள், இடையில் ஒரு சுழியம்கூட இல்லை.

இந்த 7 என்ற மீதியிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த ஓர் இயல்பு பிறக்கிறது. ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். மாணவர்கள் 0 முதல் 7 வரை வர்க்கப்படுத்திப் பார்த்தாலே இது விளங்கிவிடும். இந்த மூன்றிலிருந்து எந்த இரண்டை எடுத்துக் கூட்டினாலும், எந்த மூன்றை எடுத்துக் கூட்டினாலும் 7 என்ற மீதி வராது. ஆகவே நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவோ மூன்று வர்க்கங்களின் கூடுதலாகவோ எழுதவே முடியாது. எந்த இயல் எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவிவிட்டார். எனவே நம் எண்ணுக்கு நான்கு போதும், நான்குக்குக் குறைவாகவும் முடியாது. 127க்கு இதைக் காட்டலாம்: 121 + 4 + 1 + 1.

மேல் வகுப்பு மாணவர்களாக இருந்தால் நிறைவெண்களுக்கும் போகலாம். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூடுதலாகத் தானே அமையும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. நம் எண்ணைப் போன்ற ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் நிறுவியது. இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இந்த வழியில் மட்டுமே வரும் என்பது ஆய்லர் நிறுவியது. நம் எண்ணை, 2இன் 13,62,79,840ஆம் அடுக்கால் பெருக்கினால் அதற்குரிய நிறைவெண் கிடைக்கும். அதில் 8,20,48,640 இலக்கங்கள் இருக்கும், கடைசி இலக்கம் 6. ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்ணாவது உண்டா என்பதற்கு இன்னும் யாரும் விடை காணவில்லை.

கேள்வி: கணினி வருவதற்கு முன்பு இவ்வகை எண்களை ஆராய்ந்தவர்கள் யார்? (ஒரு வாசகர், தேவிபட்டினம்)

இவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல், 257 வரையுள்ள எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அந்தப் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாக இடம்பெற்றன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டுப்போயின. இந்தப் பிழைகள் முழுமையாகத் தெரியவந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 107க்குரிய எண் பகா எண் என்று தெரியவந்த 1914ஆம் ஆண்டில்தான் பாம்பனில் பழைய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. அதற்குக் கணக்கிட்டவர்களின் கையில் அன்று கணினி ஏதும் இல்லை.

ஆய்லர் 1772இல் 2³¹ − 1 = 2,14,74,83,647 பகா எண் என்று காட்டிய விதத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அதை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும், 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், அது 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்ணாக இருக்க வேண்டும். வர்க்கமூலமான 46,340 வரை, 1ஐ நீக்கிப் பார்த்தால், அப்படிப்பட்ட எண்கள் 373 மட்டுமே. அவற்றிலும் பகா எண்களை மட்டும் கொண்டு வகுத்துப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய வகுத்தல்களை எண்ணின் அமைப்பு ஒரு மனிதர் கையால் செய்து முடிக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துவிட்டது.

2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்காஸ் 1876இல் காரணிகளைக் காணாமலேயே அறிந்திருந்தார். அந்தக் காரணிகளை 1903இல் அமெரிக்காவின் ஃபிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. ஓர் எண் பகு எண் என்று தெரிந்த பிறகும் அதன் காரணிகளைக் காண 27 ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஏலக்கூடத்தில் மீன் எடுத்ததும் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பாதுகாப்பு தருவது பகா எண்கள் என்கிறார்கள். இந்தப் பெரிய எண் அதற்குத்தான் பயன்படுகிறதா? (ஒரு மீன் வியாபாரி, தொண்டி)

பகா எண்கள் பயன்படுவது உண்மை, இந்த எண் பயன்படுவதில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறையில், இரண்டு பெரிய பகா எண்களை இரகசியமாகத் தேர்ந்து, அவற்றின் பெருக்கற்பலனை மட்டும் வெளியிடுவார்கள். பெருக்குவது எளிது, பெருக்கற்பலனிலிருந்து காரணிகளைத் திரும்பப் பெறுவது கடினம். மேலே சொன்ன 2⁶⁷ − 1இன் கதையே அதற்குச் சான்று. அந்த முறையில் பரவலாகப் பயன்படும் அளவில் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் முந்நூறு இலக்கங்களைச் சற்றே தாண்டிய நீளம் போதும். நம் எண்ணோ உலகறிந்தது, ஆகவே அது இரகசியத்துக்கு உதவாது. நான்கு கோடி இலக்கங்களைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு முறையும் கணக்கிடக் கைப்பேசியால் முடியவும் முடியாது.

கேள்வி: இதற்கு அடுத்த பகா எண் எது? (ஒரு கல்லூரி மாணவர், இராமேசுவரம்)

யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஒன்று உண்டு என்பதும், அது எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதும் உறுதியாகத் தெரியும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் நிறுவினார். 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று செபிசேவ் 1852இல் நிறுவினார். அதே முடிவுக்கு நம் சீனிவாச இராமானுசன் 1919இல் மிகச் சுருக்கமான, மிக அழகான நிறுவல் ஒன்றைத் தந்தார். ஆகவே நம் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே, இப்போது அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணைவிடப் பெரிய பகா எண் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

உண்மையில் அங்கே அவை ஏராளமாக உள்ளன. ஆதமாரும் வாலே பூசேனும் 1896இல் தனித்தனியே நிறுவிய பகா எண் தேற்றத்தின்படி, நம் எண்ணின் அளவிலுள்ள எண்களில் சராசரியாக ஏறத்தாழ 9 கோடியே 44 லட்சத்துக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எண்ணின் அளவோடு ஒப்பிட்டால் 9 கோடி என்பது மிக நெருங்கிய இடைவெளி. இருந்தும் அந்தப் பக்கத்து எண்களில் ஒன்றைச் சுட்டி ‘இது பகா எண்’ என்று நம்மால் சொல்ல முடியாததற்குக் காரணம், அவற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களின் காரணிகள் நமக்குத் தெரியாததே. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் எந்த எண்ணையும் அதன் அமைப்பு எதுவாயினும் சோதிக்கத்தக்க ஒரு முறையைக் கண்டு, அதற்குத் தேவைப்படும் நேரம் இலக்கங்களின் எண்ணிக்கையைச் சார்ந்த ஒரு பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்கும் என்று நிறுவினார்கள். கோட்பாட்டளவில் அது மாபெரும் சாதனை. நடைமுறையில், நான்கு கோடி இலக்கங்களுக்கு அந்த முறை எட்டாது. மெர்சென் பகா எண்கள் முடிவற்றவையா என்பதும் இன்னும் தீராத கேள்வியே. இதுவரை நாம் அறிந்தவை 52 மட்டும்.

கேள்வி: வீட்டிலுள்ள கணினியைக் கொண்டு நாங்களும் இந்தத் தேடலில் சேர முடியுமா? (இரண்டு மாணவர்கள், தங்கச்சிமடம்)

முடியும். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ என்ற கூட்டு முயற்சியில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைச் சோதனைக்கு ஈடுபடுத்துகிறார்கள், நம் எண்ணும் அதன் வழியாகவே கிடைத்தது. மென்பொருள் இலவசம். பத்துக் கோடி இலக்கங்களைத் தொடும் முதல் பகா எண்ணைக் கண்டறிபவருக்கு எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் பரிசு அறிவித்துள்ளது. மெர்சென் எண்களில் அதைத் தேடுவதானால் அடுக்கு 33 கோடியே 21 லட்சத்தைத் தாண்ட வேண்டும். ஒரு வீட்டுக் கணினிக்கு அந்த அளவில் ஒரே ஓர் எண்ணைச் சோதிப்பதே நெடுநாள் வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முன், 2¹³ − 1 = 8191 என்ற எண்ணை நீங்கள் இருவரும் தனித்தனியே கையால் சோதித்து, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் பதினொரு படிகள். மூன்றாம் படியில் 4870, ஏழாம் படியில் 36, பத்தாம் படியில் 128 என்று வந்தால் கணக்கு சரியாகப் போகிறது. 128இன் வர்க்கம் 16,384, அதில் 2 போக 16,382, அது 8191இன் சரியான இருமடங்கு.